இரு கட்டடங்களுக்கு ஒரே டேப் டிரைவ்

சென்ற மாதம் பயிற்சிக் கூடத்தில் என் பேச்சு முடிந்து நீங்கள் எல்லோரும் கலைந்த பிறகு, உங்களில் ஒருவர் மட்டும் பின்தங்கி நின்று ஒரு கேள்வி கேட்டார். ஒரு சர்வரில் பொருத்தியிருக்கும் கருவியை வலையமைப்பின் வழியாக வேறு சர்வர்களும் பகிர்ந்துகொள்ளும்போது, அவற்றுள் ஒன்று போட்ட பிடி விடாமல் சிக்கிக்கொண்டால், அந்தப் பிடியை நாமாக எப்போது அறுக்கலாம்? கையேட்டில் இதற்கு ஒரு வரியில் விடை இருக்கிறது. அதையே அவரிடம் சொல்லி அனுப்பினேன். வீடு திரும்பிய பிறகு, நான் சொன்னது விடையாகாது என்ற எண்ணம் விலகவில்லை. ஓய்வு பெற்று நான்காண்டுகள் ஆகிவிட்டன. இனி என் மதிப்பீட்டுப் படிவத்தை யாரும் நிரப்பப் போவதில்லை. ஆகவே, முழு விடையை எழுத்தில் தருகிறேன். அது சற்று நீளமானது. எனக்குப் பெருமை சேர்ப்பதும் அன்று.

ஒரகடத்தில் நான் பணியாற்றிய தொழிற்சாலை வண்டிகளுக்கான பிரேக்குகளைச் செய்தது. முதல் கட்டடத்தில் உலோகத்தைக் கடைந்து பாகங்களை உருவாக்கினார்கள். இரண்டாம் கட்டடத்தில் அவற்றை ஒன்றுசேர்த்துப் பெட்டியில் அடைத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சர்வர் அறை. முதலாவது என் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவே லாரிகள் போகும் அகலமான பாதையும், ஒரு மரங்கூட இல்லாத வெட்டவெளியும் கிடந்தன. நடந்தால் எட்டு நிமிடம்.

அன்றாடப் பதிவுகளைக் காந்த நாடாவில் படியெடுத்துப் பாதுகாக்கும் டேப் டிரைவ் ஒன்றே ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. அது என் சர்வரோடு பிணைந்திருந்தது. இரண்டாவது வேண்டும் என்று எழுதிக் கேட்டோம். இருப்பதைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று விடை வந்தது. பகிர்ந்துகொண்டோம். கட்டடங்களை இணைத்த சேமிப்பு வலையமைப்பின் வழியே, என் அறையில் இருந்த டேப் டிரைவை இரண்டாம் கட்டடத்துச் சர்வர் தன்னுடையதாகவே கண்டது. தன்னுடையதாகவே எண்ணி எழுதியது.

ஆனால் டேப் ஒரு நேரத்தில் ஒருவருக்கே உரியது. ஒரு சர்வர் அதைப் பிடித்துக்கொண்டால், அது வேலையை முடித்து விடுகிறவரையில் மற்றது காத்திருக்கத்தான் வேண்டும். அந்தப் பிடியை மென்பொருளே போடும், மென்பொருளே எடுக்கும் என்பது ஏட்டில் உள்ளது. நடைமுறையில், போட்டதை எடுக்க அது அவ்வப்போது மறந்துவிடும். வேலை முடிந்த பின்னும் பிடி நிற்கும். அப்போது ரீசெட் என்னும் கட்டளையைக் கொடுத்தால் பிடிகள் எல்லாம் அறுந்து, கருவி அப்போதுதான் விழித்ததுபோல் நிற்கும். கருவி யாருடைய சர்வரில் இருக்கிறதோ அவரால் மட்டுமே அந்தக் கட்டளையைக் கொடுக்க முடியும். அதாவது, என்னால் மட்டும்.

இரண்டாம் கட்டடத்து அறையை ரோஸ்லின் பார்த்துக்கொண்டாள். மண்ணூர்க்காரி; என்னைவிட ஏழெட்டு வயது இளையவள்; ஒப்பந்தப் பணியாளர். சேர்ந்த இரண்டாம் நாள் தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, ரெண்டாவது பில்டிங்லருந்து ரோஸ்லின் பேசுறேன். டேப்பு உங்க வூட்ல கீதாமே?"

"என் அறையில இருக்கு. என்ன வேணும்?"

"அப்ப நீங்க வூட்டுக்காரம்மா, நான் குடித்தனக்காரி. தண்ணி எப்பெப்ப வுடுவீங்கன்னு சொல்லிட்டீங்கன்னா, கொடத்தோட வந்து நிப்பேன்."

பணியிடத்தில் அளந்து பேசிப் பழகியவள் நான். அன்று என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். ஒரே மாதத்தில் 'நீங்க' போய் 'நீ' வந்தது. 'வூட்டுக்காரம்மா' மட்டும் நிலைத்தது.

எங்களிடையே ஒரு வழக்கம் உண்டானது. அதை வகுத்தவள் அவள்தான். டேப்பை எடுக்கும்போது அழைத்து, "புடிச்சிக்கினேன்" என்று சொல்ல வேண்டும். முடித்ததும் அழைத்து, "வுட்டுட்டேன்" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைக் காதால் கேட்காமல், திரை என்ன காட்டினாலும், மற்றவர் கை வைக்கக் கூடாது. நான் முதலில் இதை ஏற்கவில்லை. திரையிலேயே நிலவரம் தெரியும்போது தொலைபேசி எதற்கு என்று கேட்டேன்.

"மெஷினு பேச்ச நான் நம்ப மாட்டேன்க்கா. காத்தால ஒண்ணு சொல்லுது, மத்தியானம் ஒண்ணு சொல்லுது. நீ சொன்னா நம்புறேன்."

ஒரு நாளைக்கு நான்கு அழைப்பு. ஒவ்வொன்றும் அரை நிமிடம். அந்த அரை நிமிடத்துக்குள் அவள் ஓர் உலகத்தையே அனுப்பிவிடுவாள். மண்ணூரில் அவர்கள் பயிரிட்ட நிலத்தை ஒரு தொழிற்சாலை வாங்கிக் கார் நிறுத்துமிடம் ஆக்கியிருந்தது. "நாத்து நட்ட மாதிரி வரிசையா நிக்குதுக்கா காருங்க. எங்கப்பா போயி வரப்பு சரியா கீதான்னு பாத்துட்டு வராரு" என்பாள். நான் வாய்விட்டுச் சிரிக்கும் முன் வைத்துவிடுவாள். நேரில் நாங்கள் சந்திக்கவே ஐந்தாறு மாதங்கள் ஆயின. உணவுக்கூட வரிசையில் நின்று, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "தண்ணி வுடுற அம்மா, எங்க வந்து ரசத்துக்கு நிக்கிற?" திரும்பினேன். நான் கற்பனை செய்திருந்ததைவிடக் குள்ளமாக இருந்தாள். நெற்றியில் ஒரு பழைய தழும்பு. கழுத்தில் மஞ்சள் கயிற்றில் அடையாள அட்டை.

அந்தக் கயிற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் நிரந்தரப் பணியாளர்களுக்கு நீலக் கயிறு, ஒப்பந்தக்காரர்களுக்கு மஞ்சள். மஞ்சளின் ஆயுள் பதினொரு மாதம். அது முடிந்ததும் சில நாள் வீட்டில் இருக்க வேண்டும். பிறகு புதிய எண்ணோடு புதிய அட்டை வரும். "பதினோரு மாசத்துக்கு ஒரு தபா செத்துப் பொறக்குறேன்க்கா. ஆனா வயசு மட்டும் கொறைய மாட்டேங்குது" என்று சிரிப்பாள். சிரித்தாலும், நீலக் கயிறு அவளுக்கு எவ்வளவு வேண்டியதாக இருந்தது என்பதை நான் அறிவேன். ஒரு கோப்பு தன் பெயரில் மேலாளர் மேசைக்குப் போயிருக்கிறது என்று அவள் சொன்ன அன்று, அந்த அரை நிமிடம் பத்து நிமிடமாயிற்று.

அவள் எத்தகையவள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு காலையில், பழைய கோப்புகளை நீக்கும் வேலையில், கடைசல் இயந்திரங்களுக்கான நிரல்கள் முழுவதையும் நான் அழித்துவிட்டேன். கவனக்குறைவு, வேறொன்றுமில்லை. ஐந்து இயந்திர வரிசைகள் நின்றுபோயின. மீட்க வேண்டுமானால் டேப் வேண்டும். டேப்போ அவள் பிடியில். நான்கு மணிநேர வேலையில் மூன்று மணிநேரம் ஓடியிருந்தது. அழைத்தேன்.

"எத்தினி லைன் நிக்குது?"

"அஞ்சு."

"இரு."

ஒரு நிமிடம் கழித்து, "வுட்டுட்டேன். எடுத்துக்கோ" என்றாள்.

மூன்று மணிநேர வேலையை வீசிவிட்டு எனக்கு வழிவிட்டாள். நண்பகலுக்கு முன் என் வரிசைகள் ஓடத் தொடங்கின. அவள் தன் வேலையை முதலிலிருந்து மீண்டும் தொடங்கினாள். நிறுவனப் பேருந்தைத் தவறவிட்டு, ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வீடு போனாள். தாமதம் ஏன் என்று அவளுடைய கண்காணிப்பாளர் கேட்டதற்கு, "டேப்பு சிக்கிக்கிச்சு சார்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். இதை எனக்கு அவள் சொல்லவில்லை. கண்காணிப்பாளர்தான், அவளைக் குறைசொல்லும் நோக்கத்தோடு, பல நாள் கழித்து என்னிடம் சொன்னார். அவரைத் திருத்த எனக்குத் தோன்றியது. திருத்தவில்லை. அப்போதே நான் என்னைக் கவனித்திருக்க வேண்டும்.

இனி அந்த வியாழக்கிழமை.

மறுநாள் வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். வடிவமைப்புக் கோப்புகளின் படி ஒன்றை டேப்பில் எடுத்து நான்கு மணிக்குள் மேசையில் வைக்கும்படி மேலாளர் கேட்டிருந்தார். ரோஸ்லினுக்கு அன்று மாதாந்திர முழுப்படி. காலை ஒன்பதுக்கு, "புடிச்சிக்கினேன்க்கா, இன்னிக்கு மூட்ட பெருசு" என்றாள். வழக்கமாக ஒரு மணிக்கு விட்டுவிடுவாள். ஒன்று ஆயிற்று. ஒன்றரை. இரண்டு. பிடி அப்படியே நின்றது. அழைத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம் விட்டு மீண்டும் அழைத்தேன். மூன்றாம் முறையும் எடுக்க ஆளில்லை. இதற்கிடையில் மேலாளர் இருமுறை கூப்பிட்டுவிட்டார்.

பிடி சிக்கிக்கொள்வது எங்களுக்கு அன்றாட நிகழ்ச்சி. முடித்திருப்பாள், சாப்பிடப் போயிருப்பாள், சொல்ல மறந்திருப்பாள் என்று மனம் ஒவ்வொன்றாக அடுக்கித் தந்தது. இத்தனை காலத்தில் ஒருமுறைகூட அவள் சொல்ல மறந்ததில்லை என்பதை மட்டும் அது அந்த அடுக்கில் சேர்க்கவில்லை. எழுந்து நடந்தால் எட்டு நிமிடம். ஜன்னலுக்கு வெளியே வெயில் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டரை மணிக்கு ரீசெட் கட்டளையைக் கொடுத்தேன்.

பிடி அறுந்தது. என் சர்வர் டேப்பை எடுக்கப் போகும் முன், இரண்டாம் கட்டடத்துச் சர்வர் அதை மறுபடியும் பிடித்துக்கொண்டது.

சிக்கிய பிடி அப்படிச் செய்யாது. உயிரோடு எழுதிக்கொண்டிருக்கும் சர்வர்தான், கை நழுவியதை உடனே பற்றும். நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன பயன்? ரீசெட் ஆனதும் டேப் டிரைவ் நாடாவைத் தொடக்கம்வரை பின்னோக்கிச் சுற்றிவிடும். அதை அறியாத சர்வர், விட்ட இடத்திலிருந்து தொடர்வதாக எண்ணிக்கொண்டு, நாடாவின் தொடக்கத்தின்மேல் எழுதும். இப்படி நடந்தே தீரும் என்பதில்லை; நடக்கக்கூடும் என்பதை நான் அறிந்திருந்தேன்.

இருபது நிமிடத்தில் தொலைபேசி அடித்தது.

"வுட்டுட்டேன்க்கா. ஃபயர் டிரில்லுன்னு எல்லாரையும் வெளிய நிக்க வெச்சிட்டானுங்க. நெருப்பு வந்தா கூட இவ்ளோ சூடா இருக்காது. உள்ள வந்தா, முடிஞ்சிச்சுன்னு ஸ்கிரீன்ல போட்டுகினு கீது. எடுத்துக்கோ."

அப்போது நான் சொல்ல வேண்டியது இதுதான்: 'நடுவில் ரீசெட் கொடுத்துவிட்டேன், அந்த டேப்பை நம்பாதே, மீண்டும் எழுது.' சொன்னால் அவள் மறுபடி நான்கு மணிநேரம் டேப்பைப் பிடித்திருப்பாள். நான்கு மணிக்கு என்னிடம் படி இருந்திருக்காது.

"சரிம்மா" என்றேன். அவளுடைய நாடாவைக் கழற்றி வைத்துவிட்டு என்னுடையதைப் போட்டேன்.

உங்களில் ஒருவர் கேட்ட கேள்விக்கு என் விடை இங்கே இருக்கிறது. மறுமுனையில் இருப்பவர் விட்டுவிட்டேன் என்று தம் வாயால் சொன்ன பிறகு பிடியை அறுக்கலாம். சொல்லவில்லையென்றால், எழுந்து போய்ப் பார்த்த பிறகு அறுக்கலாம். எவரும் எடுக்காத தொலைபேசி எதற்கும் இசைவு ஆகாது. அவசரம் என்பது பெரும்பாலும் நம்மை நடக்க விடாத ஒரு சோம்பல்தான். இனி வருவது அவர் கேட்காதது.

மூன்று வாரம் கழித்து, ஒரு காலையில், இரண்டாம் கட்டடத்துச் சேமிப்புப் பெட்டியில் இரண்டு வட்டுகள் ஒருசேரச் செயலிழந்தன. ஒவ்வொரு பிரேக்கிலும் எந்தத் தொகுதி போல்ட் போனது, எவ்வளவு இறுக்கத்தில் முடுக்கப்பட்டது என்ற பதிவுகள் அதில் இருந்தன. அதே வாரத்தில், ஒரு தொகுதி போல்ட்டில் பிழை இருக்கலாம் என்று வாடிக்கையாளர் நிறுவனம் எழுதியிருந்தது. அவை எந்தெந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று சொல்ல அந்தப் பதிவுகளைத் தவிர வேறு வழியில்லை. ரோஸ்லின் அந்த வியாழக்கிழமை எழுதிய டேப்பிலிருந்து அவற்றை மீட்கப் பார்த்தாள். நாடாவின் தொடக்கத்தில் அதன் முடிவு எழுதப்பட்டிருந்தது. தொடக்கம் எங்கும் இல்லை.

கிடங்கில் அடுக்கியிருந்த பெட்டிகளையெல்லாம் பிரித்து, ஒவ்வொரு பிரேக்காகக் கையால் சோதித்தார்கள். பிழையான போல்ட்டுகள் அங்கேயே அகப்பட்டன, சாலைக்குப் போகவில்லை. அது நல்லூழ். ஆனால் யார் காரணம் என்று கேட்காமல் எந்தத் தொழிற்சாலையும் பெட்டிகளைத் திரும்ப மூடுவதில்லை.

மேலாளர் அறையில் நால்வர் இருந்தோம்: மேலாளர், தரப் பிரிவுத் தலைவர், ரோஸ்லின், நான். மேலாளர் திருநெல்வேலிப் பக்கத்தவர், குரலை உயர்த்தாதவர். அவர் மேசையின் ஓரத்தில் சில கோப்புகள் இருந்தன. மேலே இருந்ததில் ரோஸ்லினுடைய பெயர் ஒட்டியிருந்தது. அவளுடைய பதினொரு மாதம் அந்தச் சனிக்கிழமை முடிகிறது. இந்த முறை மஞ்சளா நீலமா என்பது அவருடைய ஒரு கையெழுத்தில் இருந்தது.

"எப்பம்மா எழுதுன டேப்பு இது?"

"போன மாசம் கடைசி வியாழக்கெழம சார். முடிஞ்சிச்சுன்னுதான் ஸ்கிரீன்ல வந்துச்சு."

"அது சொல்லத்தான் செய்யும். நீ செக் பண்ணுனியா?"

"அன்னிக்கி டிரில் சார். வெளிய நின்னுகினு இருந்தோம். வந்து பாத்தா முடிஞ்சிருந்துச்சு."

"ஓடுத மெஷின விட்டுட்டு வெளிய நின்னிருக்க."

"டிரில்லுன்னா போயித்தான சார் ஆவணும்."

தரப் பிரிவுத் தலைவர் யாரையும் பார்க்காமல், "கான்ட்ராக்ட் ஆளுங்களை நம்பி இதையெல்லாம் குடுத்தா இப்படித்தான் ஆகும்" என்றார்.

ரோஸ்லின் கயிற்றில் தொங்கிய அட்டையை விரலால் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். மேலாளர் என் பக்கம் திரும்பினார்.

"மேடம், டிரைவ் உங்க ரூம்லதான இருக்கு. உங்க பக்கம் எதுவும் நடந்துச்சா?"

இளைய நண்பர்களே, உங்கள் பணிக்காலத்தில் சர்வர்கள் விழும், வட்டுகள் எரியும், வலையமைப்புகள் அறுபடும். அவையெல்லாம் நெருக்கடிகள் அல்ல. அவற்றுக்குக் கையேடுகள் உண்டு. ஒரு கேள்வி உங்கள்முன் வைக்கப்பட்டு, விடை உங்களிடம் மட்டுமே இருந்து, அதைச் சொன்னால் உங்களுக்குக் கேடு, சொல்லாவிட்டால் இன்னொருவருக்குக் கேடு என்றிருக்கும் அந்தச் சில நொடிகள்தாம் நெருக்கடி. எனக்கு அவை கிடைத்தன.

"நெட்வொர்க்ல எங்கேயிருந்தோ ஒரு ரீசெட் வந்திருக்கலாம் சார். பார்க்கணும்" என்றேன்.

அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. ரீசெட் வந்திருந்தது, வலையமைப்பில்தான் வந்திருந்தது. ஒவ்வொரு சொல்லையும் பொறுக்கி வைத்திருந்தேன். மொழியைப் பிழையறக் கையாளக் கற்றவர்களுக்கு இந்த வசதி உண்டு. நேர்மையாக இராமலே பொய் சொல்லாமல் இருக்க முடியும்.

ரீசெட் ஓர் அறையிலிருந்து மட்டுமே வர முடியும் என்பது மேலாளருக்குத் தெரியாது. தரப் பிரிவுத் தலைவருக்கும் தெரியாது. அங்கிருந்த நால்வரில் அதை அறிந்தவர்கள் இருவர். ரோஸ்லின் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். சினம் இல்லை. எதற்கோ காத்திருப்பதுபோல் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். 

மேலாளர் மேலே இருந்த கோப்பை எடுத்து அடியில் வைத்தார்.

திங்கட்கிழமை காலை ஒன்பதுக்குத் தொலைபேசி வரவில்லை. நான் அழைத்தேன். வேறொரு குரல், "அவங்க இனிமே வர்றதில்ல மேடம்" என்றது. என் சர்வரின் பதிவேட்டில், அந்த வியாழக்கிழமை, இரண்டரை மணி, என் பயனர் பெயர், ரீசெட் என்று ஒரு வரி இருந்தது. அதைப் படிப்பவள் நான் ஒருத்திதான், அழிக்கக்கூடியவளும் நான்தான். இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போய் மேலாளர் முன் வைத்தேன்.

அவர் இருமுறை படித்தார். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார். குரலை அப்போதும் உயர்த்தவில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதைவிடக் குறைவாக எதுவும் வந்திருந்தால் நான் வெட்கியிருப்பேன். ரோஸ்லினுடைய கோப்பை அடியிலிருந்து எடுத்து, "திங்கட்கிழமை வரச் சொல்லுங்க. கையெழுத்துப் போடுதேன். அந்தப் பிள்ளைகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றார்.

அதன்பின் பதினொரு ஆண்டுகள் அங்கே பணியாற்றினேன். மறு ஆண்டே இரண்டாம் கட்டடத்துக்குத் தனி டேப் டிரைவ் வந்தது; யாரும் யாரையும் அழைக்க வேண்டியிருக்கவில்லை. பிடிகள் சிக்காத மென்பொருள் வந்தது. நல்ல தோழர்கள் வாய்த்தார்கள். ஆயினும், "மெஷினு பேச்ச நம்ப மாட்டேன், நீ சொன்னா நம்புறேன்" என்று என்னிடம் சொன்னவர் வேறு எவரும் இல்லை. நம்மை அப்படி நம்பிய ஒரு குரலைக் கேட்டுப் பழகிய காது, அதன் பிறகு வரும் எல்லா அமைதியிலும் அதையே தேடிக்கொண்டிருக்கிறது. இதை மிகையென்று நீங்கள் எண்ணக்கூடும். எண்ணுங்கள்.

ரோஸ்லின் சுங்குவார்சத்திரம் பக்கம் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் சேர்ந்திருப்பதாக அப்போதே ஒப்பந்தக்காரர் சொன்னார். மேலாளரைப் பார்த்த அதே வாரம் சனிக்கிழமை, மாலை ஷிஃப்ட் விடும் நேரத்துக்குப் போய், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே தேநீர்க் கடையருகில் நின்றேன். ஆலைப் பேருந்துகளிலிருந்து கூட்டம் கூட்டமாகப் பெண்கள் இறங்கினார்கள். அவளை நான் பார்ப்பதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். ஆலையில் போடும் தலையுறையின் விளிம்பு நெற்றித் தழும்பின்மேல் சிவப்பாய்ப் பதிந்திருந்தது.

"வாங்கக்கா. எங்க இந்தப் பக்கம்?"

'வாங்க' என்றாள்.

"உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்."

"டீ சாப்புடுறீங்களா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் இரண்டு சொன்னாள்.

"இங்க என்ன வேலை?"

"லைன்லதான். ஸ்குரூ போடுறது. கண்ணுக்கே தெரியாது, அவ்ளோ சின்னது. லென்ஸ் குடுத்துக்கீறாங்க."

"கம்ப்யூட்டர் பக்கம் இல்லையா?"

"எங்களுக்கு இன்னாத்துக்குக்கா கம்ப்யூட்டரு?"

தேநீர் வந்தது. நான் குவளையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்: "அன்னைக்கு ரீசெட் கொடுத்தது நான்தான் ரோஸ்லின்."

"தெரியும்க்கா."

"எப்போ தெரியும்?"

"ரூம்ல நீங்க வாயத் தொறந்தப்போ. அதுக்கு மின்ன தெரியாது. மெஷினுதான் இன்னாவோ பண்ணிக்கிச்சுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"அப்பவே நீ சொல்லியிருக்கலாமே."

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

பேருந்து ஒன்று வந்து நின்று போனது. பதிவேட்டை மேலாளரிடம் கொடுத்ததையும், திங்கட்கிழமை வந்தால் அவர் கையெழுத்திடுவார் என்பதையும் சொன்னேன். அவள் குவளையை இறக்கினாள். "நீலமா?" என்றாள். முகம் முழுவதும் ஒரு கணம் மலர்ந்தது. அந்த ஒரு கணத்துக்காகவே நான் வந்தது வீண்போகவில்லை என்று நினைத்தேன். பிறகு அவள் சாலையைப் பார்த்தாள். 

"வேணாங்க்கா."

"ஏன்?"

"நாளிக்கு நான் ஃபோன் பண்ணி, வுட்டுட்டீங்களான்னு கேப்பேன். வுட்டுட்டேன்னு நீங்க சொல்லுவீங்க. நான் ஃபோன வெச்சிட்டு, எதுக்கும் பாப்போம்னு நடந்து வருவேன். டெய்லி நடக்கணும், அந்த வெயில்ல." லேசாகச் சிரித்தாள். "உங்களுக்கும் கஷ்டம். எனக்கும் கஷ்டம்."

"நான் கேட்டுக்கறேன்..."

"சொன்னது நல்லதுக்கா. நான் ரூம்ல இருந்தப்போ சொல்லியிருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல், குவளையில் மிச்சமிருந்த தேநீரைக் கீழே ஊற்றினாள்.

என் ஊரான காஞ்சிபுரத்துக்குப் போகும் பேருந்து வந்தது. ஷிஃப்ட் விட்ட கூட்டம் முழுவதும் அதன் வாசலில் அடைந்தது. என் முழங்கால் வலியோடு அந்தக் கூட்டத்தில் ஏற முடியாது என்று தெரிந்து, அடுத்ததற்கு நிற்கலாம் என்று நான் பின்வாங்கினேன். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். கூட்டத்தை வளைத்து ஓடி, பேருந்தின் பக்கவாட்டில் எம்பி, தன் சாப்பாட்டுப் பையை ஜன்னல் வழியாக ஓர் இருக்கையில் எறிந்தாள்.

"ஏறுக்கா, ஏறு. சீட்டு போட்டுட்டேன். மூணாவது ஜன்னலு."

ஏறினேன். மூன்றாவது ஜன்னலோரம், யாரும் தொடாமல், அந்தப் பை இருந்தது. பக்கத்து இருக்கைப் பெண், "உங்களுதா?" என்று கேட்டாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரோஸ்லின் கீழே ஜன்னலுக்கு நேராக வந்து கையை நீட்டினாள். கொடுத்தேன். வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் நடத்துநர் விசிலடித்துவிட்டார்.

காஞ்சிபுரம்வரை அவள் பிடித்துக் கொடுத்த இடத்தில் உட்கார்ந்து வந்தேன்.